பறவை எட்டலையா? ரீச் பிரச்சனைய அறிகுறி பாத்து சரி பண்றது எப்படி

பறவை படம் எடுக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே எல்லாரும் வந்து நிக்கிற இடம் ஒண்ணுதான், “ரீச் பத்தல”, அதாவது தூரத்து பறவை படத்துல பெருசா வரல. உடனே அடுத்த லென்ஸ் என்ன விலைன்னு தேட ஆரம்பிச்சிடுறோம். அதுக்கு முன்னாடி இத ஒரு தடவை படிச்சிடுங்க. கடன் வாங்கி 600 மிமீ லென்ஸ் வாங்கின பிறகும் படம் அதே மாதிரி கொழகொழன்னு வந்தா மனசு ரொம்ப கஷ்டப்படும், அந்த நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

முதல்ல கோளாறு எங்கன்னு பாருங்க

சரியா வராத ஒரு படத்த கம்ப்யூட்டர்ல 100 சதவீதத்துக்கு பெருசு பண்ணி பாருங்க, ஃபோன் ஸ்க்ரீன்ல பாத்து முடிவு பண்ண வேணாம். பறவையோட கண்ணு மங்கலா இருக்கு ஆனா முன்னாடி இருக்கற புல்லோ பின்னாடி இருக்கற கிளையோ நறுக்குன்னு இருக்குன்னா அது ஃபோகஸ் தப்பு. கண்ணுக்குள்ள தெரியுற வெளிச்சப் புள்ளி ஒரு கோடா இழுத்திருக்கு, கிளையும் அதே திசையில இழுத்திருக்குன்னா கேமரா ஆடியிருக்கு. கிளை நல்லா இருந்து பறவை மட்டும் இழுத்திருந்தா பறவை அசைஞ்சிருக்கு, ஷட்டர் ஸ்பீடு பத்தல. வரிசையா பத்து ஃப்ரேம் எடுத்ததுல ஒண்ணு பரவால்ல, அடுத்தது நெளிஞ்சிருக்கு, அதுக்கடுத்தது வேற எடத்துல நெளிஞ்சிருக்குன்னா அது சூடான காத்து. இது எதுவுமே இல்ல, எல்லாம் ஷார்ப்பாதான் இருக்கு ஆனா இறகு விவரம் வரல, பறவையே சின்னதா கட்டம் கட்டமா தெரியுதுன்னா மட்டும்தான் அது நிஜமான ரீச் பிரச்சனை. முதல் நாலுல எது இருந்தாலும் நீளமான லென்ஸ் போட்டா கோளாறும் சேந்து பெருசாகுமே தவிர குறையாது.

“பறவை ஃப்ரேம்ல புள்ளி மாதிரி இருக்கு”

இங்க ஒரு சின்ன கணக்கு போட்டு பாத்துட்டீங்கன்னா அப்புறம் யார் என்ன சொன்னாலும் குழம்ப மாட்டீங்க. பறவையோட நீளத்த ஃபோக்கல் லென்த்தால (லென்ஸ் மேல போட்டிருக்கற மிமீ நம்பர்) பெருக்கி தூரத்தால வகுத்தா சென்சார் (கேமராவுக்குள்ள படம் பதியுற சில்லு) மேல அது எவ்வளவு நீளத்துக்கு விழுதுன்னு வந்துடும். சிறுநீல மீன்கொத்திய எடுத்துக்கோங்க, சுமாரா 16 செமீ. 20 மீட்டர் தள்ளி ஒரு கம்பு மேல உக்காந்திருக்கு, உங்க கையில 400 மிமீ. 160 பெருக்கல் 400, வகுத்தல் 20,000, வர்றது 3.2 மிமீ. 24 மெகாபிக்சல் க்ராப் சென்சார்ல (சின்ன அளவு சென்சார்) ஒரு மிமீக்கு ஏறக்குறைய 255 பிக்சல், அப்ப அலகுலேந்து வால் வரைக்கும் மொத்தமே 820 பிக்சல்தான். ஃப்ரேமோட அகலம் 6000.

இப்ப ஒவ்வொரு வழியா போட்டு பாருங்க. 1.4 கன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டி 1.4 மடங்கு பெருசாக்குற கண்ணாடி) மாட்டினா 560 மிமீ, 1140 பிக்சல். 600 மிமீ லென்ஸ் வாங்கினா 1220. லென்ஸ தொடாம, கன்வெர்ட்டரும் இல்லாம, 10 மீட்டருக்கு போக முடிஞ்சா 1630. தூரத்த பாதியாக்கினா கெடைக்கிறது 2எக்ஸ் கன்வெர்ட்டருக்கு சமம், ஆனா ஒரு ஸ்டாப் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் போனா வெளிச்சம் பாதியாகும்) கூட போகாது, நடுவுல இருக்கற காத்தும் பாதியாயிடும். அதனால கிட்ட போறதுக்கு மிஞ்சின வழி எதுவும் இல்லன்னு அடிச்சு சொல்றேன்.

இன்னொன்னும் இந்த கணக்குலயே தெரியும். அதே மீன்கொத்திய அதே 400 மிமீல 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் பாடில (பெரிய சென்சார் இருக்கற கேமரா) எடுத்தா 530 பிக்சல்தான் வரும். “ஃபுல் ஃப்ரேமுக்கு மாறிட்டேன், பறவை சின்னதாயிடுச்சு”ன்னு வர்ற புகாருக்கு இதுதான் காரணம், உங்க கேமரா கெட்டுப் போகல. 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம்னா 730 கிட்ட வரும், அதாவது அதுல க்ராப் மோடு (சென்சாரோட நடுப்பகுதிய மட்டும் எடுக்கறது) போட்டாலும் 19 மெகாபிக்சல் சொச்சம் மிஞ்சும், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம்ல க்ராப் மோடு போட்டா 10 சொச்சம்தான்.

கிட்ட போறதுன்னா பறவைய தொரத்திட்டு போறது இல்ல. அது பறந்து போச்சுன்னா உங்களுக்கும் படம் இல்ல, அதுக்கும் எர தேடுற நேரம் வீண். மீன்கொத்தி மாதிரி பறவைங்க உக்காந்த கம்புக்கே திரும்ப திரும்ப வரும், நீங்க முன்னாடியே போய் அந்த கம்புலேந்து எட்டு பத்து மீட்டர்ல தரையோட தரையா உக்காந்து அசையாம இருங்க. வயக்காட்டு ஓரத்துல கார்லயே உக்காந்து ஜன்னல் வழியா எடுக்கலாம், எறங்கி வர்ற மனுசன பாத்து பறக்குற பறவை நின்னுட்டு இருக்கற கார பாத்து அவ்வளவு சீக்கிரம் பயப்படாது. கூடு கட்டியிருந்தா மட்டும் இதெல்லாம் வேண்டாம், தள்ளியே இருங்க, அந்த ஒரு படம் இல்லன்னாலும் பரவால்ல. கூட்டுக்கு பக்கத்துல ஆள் நின்னா தாய்ப்பறவை திரும்பி வராம வெயில்ல குஞ்சு செத்துப்போகும்.

எடத்த பொறுத்தும் இது மாறும். வேடந்தாங்கல்ல கரையிலேந்துதான் பாக்க முடியும், ஏரிக்குள்ள மரத்துல உக்காந்திருக்கற மஞ்சள் மூக்கு நாரைய நீங்க கெஞ்சினாலும் கிட்ட கொண்டு வர முடியாது, அங்க நீளமான லென்ஸ் நிஜமாவே வேலைக்கு ஆகும். அதே நாரை திருநெல்வேலி பக்கம் கூந்தன்குளத்துல ஊருக்குள்ள வீட்டு மரத்துலயே கூடு கட்டியிருக்கும், அந்த ஊர் சனங்க அத தங்க வீட்டு பிள்ளையா பாத்துக்கறாங்க, அங்க 600 மிமீ தூக்கிட்டு போனா பறவை ஃப்ரேமுக்குள்ளயே அடங்காது. நீங்க அதிகமா போற எடம் எதுன்னு யோசிச்சுட்டு லென்ஸ் பத்தி யோசிங்க.

“க்ராப் பண்ணா மணல் மணலா ஆயிடுது”

க்ராப் பண்றத, அதாவது எடுத்த படத்த வெட்டி பெருசாக்கறத, பாவம் மாதிரி நினைக்கிறவங்க இருக்காங்க, அப்படி ஒண்ணும் இல்ல. அளவு தெரிஞ்சு பண்ணணும், அவ்வளவுதான். 24 மெகாபிக்சல் படத்த ரெண்டு பக்கமும் பாதியா வெட்டினா 3000க்கு 2000, அதாவது 6 மெகாபிக்சல். ஃபோன்ல பாக்கறதுக்கும் சோஷியல் மீடியாவுக்கும் இது தாராளம். 300 டிபிஐல பிரிண்ட் போட்டா 10 இன்ச் அகலம் வரும். அதுக்கு கீழ, 2000 பிக்சல் அகலத்துக்கும் கீழ போகாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன், அதுக்கு மேல வெட்டணும்னு தோணினா பறவைய சின்னதாவே விட்டு சுத்தியிருக்கற தண்ணி, மரம், பனி எல்லாம் சேத்து ஒரு படமா பாருங்க, பல நேரம் அதுதான் நல்ல படம்.

மணல் மணலா தெரியுறது ஏன்னா, பாதியா வெட்டும்போது சென்சார்ல கால்வாசி பரப்பத்தான் வச்சுக்கறீங்க, அந்த பரப்புல விழுந்த வெளிச்சமும் கால்வாசி. அதே சைஸ்ல பெருசாக்கி பாக்கும்போது ரெண்டு ஸ்டாப் ஐஎஸ்ஓ (கேமராவோட வெளிச்ச உணர்வு) ஏத்தின அளவுக்கு நாய்ஸ், அதாவது அந்த மணல் புள்ளி, தெரியும். 2எக்ஸ் கன்வெர்ட்டர் போட்டாலும் போறது அதே ரெண்டு ஸ்டாப்தான். ஆக க்ராப்போ கன்வெர்ட்டரோ, நாய்ஸ் கணக்குல கிட்டத்தட்ட ஒண்ணு. வித்தியாசம் பிக்சல்ல மட்டும்தான், இத மனசுல வச்சுக்கோங்க, அடுத்து கன்வெர்ட்டருக்கு வரும்போது உதவும்.

சரி பண்ற வழி: ரா ஃபைல்லயே (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) எடுங்க, எடுக்கும்போதே எக்ஸ்போஷர் குறைச்சு இருட்டா எடுத்துட்டு அப்புறம் தூக்காதீங்க, நாய்ஸ் குறைக்கிற வேலைய முதல்ல முடிச்சுட்டு அப்புறம் க்ராப், கடைசியா ஷார்ப்பனிங். ஏஐ வச்சு பெருசாக்குற சாஃப்ட்வேர்ல கொஞ்சம் கவனமா இருங்க, 300 பிக்சல் பறவைய கொடுத்தா அதுவா இறகு வரைஞ்சு கொடுக்கும், அந்த இறகு அந்த பறவைக்கு கெடையாது. எந்த இனம்னு அடையாளம் காண போடுற படத்துல அது பெரிய தப்பா போயிடும்.

“கன்வெர்ட்டர் போட்டா பெருசாகுது, ஆனா விவரம் கூடல”

இதுக்கு காரணம் ரெண்டு. ஒண்ணு லென்ஸ். கன்வெர்ட்டர் லென்ஸோட நடுப்பகுதிய எடுத்து பெருசாக்குது, அதுல இருக்கற குறையும் சேந்து பெருசாகும். 300 எஃப் 4, 500 எஃப் 4 மாதிரி ப்ரைம் லென்ஸ்ல (ஜூம் இல்லாத லென்ஸ்; எஃப் நம்பர் சின்னதா இருந்தா வெளிச்சம் அதிகம் உள்ள வரும்) 1.4 போட்டா வித்தியாசமே கண்டுபிடிக்க கஷ்டம், ஜூம் லென்ஸோட கடைசி முனையில ஏற்கனவே கொஞ்சம் சாஃப்ட்டா இருக்கற எடத்துல 2எக்ஸ் போட்டா காசுதான் நஷ்டம்.

ரெண்டாவது உங்க சென்சார். 32 மெகாபிக்சல் க்ராப் பாடி வச்சிருந்தா பிக்சல் ஏற்கனவே ரொம்ப நெருக்கம், லென்ஸ் கொடுக்குற விவரம் எல்லாத்தையும் அது புடிச்சிடுது, கன்வெர்ட்டர் போட்டு எஃப் 9, எஃப் 11க்கு போனா டிஃப்ராக்ஷன் (சின்ன துளை வழியா போற வெளிச்சம் விரிஞ்சு மங்கலாகறது) வந்து விவரத்த தின்னும். அந்த பாடிக்கு க்ராப் போதும். 20, 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் வச்சிருக்கறவங்களுக்கு பிக்சல் பெருசு, அவங்களுக்குத்தான் கன்வெர்ட்டரால நிஜமான லாபம்.

உங்க செட்டுக்கு எதுன்னு வீட்லயே கண்டுபிடிக்கலாம். விடிஞ்சதும், வெயில் ஏறதுக்கு முன்னாடி, தினசரி பேப்பர் ஒரு தாள எதிர் சுவத்துல ஒட்டுங்க, 20 மீட்டர் தள்ளி ட்ரைபாட்ல கேமராவ வைங்க, 2 செகண்ட் டைமர், ஃபோகஸ லைவ் வியூல (கேமராவோட பின் ஸ்க்ரீன்ல) பெருசாக்கி வைங்க. கன்வெர்ட்டர் இல்லாம ஒண்ணு, போட்டு ஒண்ணு. முதல் படத்த கம்ப்யூட்டர்ல 1.4 மடங்கு பெருசாக்கி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, தலைப்ப விட்டுட்டு செய்திக்குள்ள இருக்கற சின்ன எழுத்த பாருங்க. ண-வுக்கு மூணு சுழி, ன-வுக்கு ரெண்டு சுழி, அத பிரிச்சு படிக்க முடியுதா? கன்வெர்ட்டர் படத்துல சுழி எண்ண முடிஞ்சு மத்ததுல முடியலன்னா கன்வெர்ட்டர் உங்களுக்கு வேலை செய்யுது. ரெண்டுலயும் ஒரே மாதிரி கறுப்பு திட்டா இருந்தா வாங்கின கடையிலயே திருப்பி கொடுத்துடுங்க. இந்த சோதனைய வாங்குறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது ஒரு நாள் கடன் வாங்கி பண்ணா இன்னும் நல்லது.

லென்ஸுக்கு முன்னாடி ஃபில்டர் மாதிரி திருகி மாட்டுற மலிவான “டெலி” கண்ணாடி விக்கிறாங்க பாருங்க, அது வேற பொருள், அதுக்கு ஒரு ரூபா கூட செலவு பண்ணாதீங்க. லென்ஸ் மூஞ்சில மலிவு யூவி ஃபில்டர் இருந்தா அதையும் கழட்டிட்டு ஒரு தடவை எடுத்து பாருங்க, நீளமான லென்ஸ்ல அதோட குறை நல்லாவே தெரியும், நிறைய பேருக்கு அங்கயே பிரச்சனை முடிஞ்சு போகுது.

“கன்வெர்ட்டர் போட்டதும் ஃபோகஸ் முன்னயும் பின்னயும் ஓடுது”

1.4 போட்டா ஒரு ஸ்டாப் போகும், 2எக்ஸ்னா ரெண்டு. எஃப் 5.6 லென்ஸ் எஃப் 8 ஆகும், இல்லன்னா எஃப் 11. எஃப் 6.3 லென்ஸ் எஃப் 9, எஃப் 13. டிஎஸ்எல்ஆர்ல (உள்ள முகம் பாக்குற மாதிரி கண்ணாடி இருக்கற கேமரா) வியூஃபைண்டர் வழியா ஃபோகஸ் பண்ற சென்சாருக்கு இது பெரிய தலைவலி. ஆரம்ப நிலை பாடி பலதுல எஃப் 5.6 வரைக்கும்தான் உத்தரவாதம். நிக்கான் டி7200ல எஃப் 8க்கு நடு பாயிண்ட் ஒண்ணு மட்டும், டி500ல நாம செலக்ட் பண்ற மாதிரி 9 பாயிண்ட், கேனான் 7டி மார்க் 2ல நடு பாயிண்ட். அதனால நிக்கான் 200-500 எஃப் 5.6 லென்ஸோட 1.4 போட்டு டி500ல நடு பாயிண்ட் வச்சா ஓடும், 150-600 எஃப் 6.3 லென்ஸோட போட்டா டிஎஸ்எல்ஆர்ல தள்ளாடும். ஃபோகஸ் பாயிண்ட நடுவுக்கு கொண்டு வாங்க, அப்பவும் ஆகலன்னா லைவ் வியூல முயற்சி பண்ணுங்க, உக்காந்திருக்கற பறவைக்கு அது போதும், பறக்குறதுக்கு ஆகாது.

மிரர்லெஸ்ல (அந்த கண்ணாடி இல்லாத கேமரா) இந்த எஃப் 8 எல்லை கெடையாது, எஃப் 11லயும் ஃபோகஸ் ஆகும், ஆனா சாயங்காலம் வெளிச்சம் கொறைய கொறைய மெதுவாகும். கண்ணு கண்டுபிடிக்கிற வசதி திடீர்னு வேலை செய்யலன்னா கேமரா கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க, கன்வெர்ட்டர கழட்டி பாருங்க.

ஃபோகஸ் ஓடல, ஆனா எப்பவுமே கொஞ்சம் முன்னாடியோ பின்னாடியோ விழுதுன்னா டிஎஸ்எல்ஆர்ல ஏஎஃப் ஃபைன் ட்யூன் (ஃபோகஸ் விழுற எடத்த மெனுல சரி பண்ற வசதி) பண்ணணும், கன்வெர்ட்டரோட சேத்து தனியா பண்ணணும், வெறும் லென்ஸுக்கு வச்ச நம்பர் இதுக்கு பொருந்தாது.

“கன்வெர்ட்டர் மாட்டவே மாட்டேங்குது”

பலவந்தமா திருகாதீங்க! கன்வெர்ட்டரோட முன் கண்ணாடி வெளிய நீட்டிட்டு இருக்கும், பொருந்தாத லென்ஸோட பின் கண்ணாடில போய் இடிக்கும். 55-250, 70-300 மாதிரி கிட் ஜூம்களுக்கு கம்பெனி கன்வெர்ட்டர் பெரும்பாலும் சேராது. கேனான் ஆர்எஃப் 100-500ல மாட்டலாம், ஆனா ஜூம 300க்கு மேல வச்சாத்தான் மாட்டும், மாட்டின பிறகு 300க்கு கீழ வராது. சோனி பாடில சிக்மா, டாம்ரான் லென்ஸ் வச்சிருந்தீங்கன்னா கன்வெர்ட்டர் வழியே இல்ல, க்ராப்தான். கம்பெனியோட பொருந்தும் பட்டியல பாக்காம பழசு வாங்காதீங்க.

“காலைல நல்லா வருது, பத்து மணிக்கு மேல எதுவுமே ஷார்ப் இல்ல”

லென்ஸ்ல ஒரு கோளாறும் இல்ல. தோசைக்கல்லுக்கு மேல காத்து நெளியிற மாதிரி தரைக்கும் தண்ணிக்கும் மேல சூடான காத்து நெளியுது, நீங்க அது வழியா பாக்கறீங்க. பள்ளிக்கரணைல ரோட்டு ஓரத்துல நின்னு தூரத்துல இருக்கற பூநாரைய எடுக்கும்போது இது நல்லா தெரியும், தார் ரோட்டு சூடு, வண்டி சூடு, அப்புறம் சதுப்பு நிலம். பழவேற்காட்டுலயும் கோடியக்கரை உப்பளத்துலயும் இதே கதைதான். நீளமான லென்ஸோ கன்வெர்ட்டரோ போட்டா நெளிவும் பெருசாகும், ஷட்டர் ஸ்பீடு 1/4000 வச்சாலும் போகாது. தீர்வு, விடியக்காலைல போங்க, இல்லன்னா மேகமூட்டமான நாள்ல போங்க, தூரத்து பறவைய விட்டுட்டு கிட்ட இருக்கறத எடுங்க, கார்லேந்து எடுத்தா ஏசி, இன்ஜின் எல்லாம் அணைச்சுட்டு உள்ள வெளிய சூடு சமமாகுற வரைக்கும் ஜன்னல திறந்து வைங்க. வரிசையா நிறைய ஃப்ரேம் எடுத்தா நடுவுல ஒண்ணு தெளிவா மாட்டும்.

ஏசி கார்லேந்து கடலோர ஈரக்காத்துக்கு வெளிய எடுத்த உடனே படம் முழுக்க வெள்ளையா மங்கலா இருந்தா அது வேற, கண்ணாடில பனி படிஞ்சிருக்கு, பைக்குள்ளயே கொஞ்ச நேரம் வச்சு எடுங்க, துணியால தேய்க்க வேண்டாம்.

“எல்லாம் இழுத்த மாதிரி வருது”

க்ராப் பாடில 600 மிமீ வச்சிருந்தா 900 மிமீ பாக்குற கோணம், கையில புடிச்சா ஷட்டர் ஸ்பீடு குறைஞ்சது 1/1000, பறக்குறதுக்கு 1/2000லேந்து 1/3200. அதுக்காக ஐஎஸ்ஓ 3200 போனாலும் போகட்டும், நாய்ஸ குறைச்சுக்கலாம், ஆட்டத்த எடுக்க முடியாது. கை வலிக்குதுன்னா, 200-500 லென்ஸ் 2.3 கிலோ, வலிக்கத்தான் செய்யும், ஒரு துணிப்பைல அரிசியோ காஞ்ச மொச்சையோ முக்கால்வாசி ரொப்பி வாய தச்சுடுங்க, அத கார் ஜன்னல் மேலயோ குட்டைச் சுவத்து மேலயோ போட்டு லென்ஸ அழுத்தி வைங்க, இதுக்கு ஈடா ஒரு சப்போர்ட் கிடையாது. ட்ரைபாட்ல இறுக்கி வச்சிருந்தா பழைய லென்ஸ்கள்ல விஆர், ஐஎஸ் (ஆட்டத்த குறைக்கிற வசதி) அணைச்சுடுங்க. ட்ரைபாடோட நடு கம்பத்த மேல தூக்காதீங்க.

“பெரிய லென்ஸ்ல பறவைய தேடியே முடியல”

ஜூம்னா சின்னதுல தேடி, பறவைய நடுவுல வச்சுகிட்டே நீட்டுங்க. ப்ரைம்னா ரெண்டு கண்ணையும் திறந்து வச்சு, பறவை மேலேந்து பார்வைய எடுக்காம கேமராவ கண்ணுக்கு தூக்கி பழகுங்க. பறவை இருக்கற தூரத்துக்கு ஃபோகஸ முன்னாடியே கொண்டு வந்து வச்சுக்கோங்க, ஃபோகஸ் பக்கத்துல எங்கயோ கிடந்தா பறவை ஃப்ரேமுக்குள்ள இருந்தாலும் கரைஞ்சு போய் கண்ணுக்கே தெரியாது. கிட்ட வந்த பறவைக்கு மட்டும் ஃபோகஸ் ஆகலன்னா லென்ஸ் பக்கவாட்டுல ஃபோகஸ் லிமிட்டர் ஸ்விட்ச் இருக்கும், அது தூரத்துக்குன்னு தள்ளி கிடக்கும், முழுசுக்கு மாத்துங்க.

கேமராவுக்குள்ள இருக்கற டிஜிட்டல் ஜூம், டிஜிட்டல் டெலிகன்வெர்ட்டர் எல்லாம் ஜேபெக்ல வெட்டி பெருசாக்குறதுதான், வீட்டுக்கு வந்து ரா ஃபைல்ல நீங்களே வெட்டினா இன்னும் நல்லா வரும், அணைச்சு வைங்க.

“எல்லாம் பாத்தாச்சு, இப்பவும் பத்தல”

அப்ப வாங்குங்க, தாராளமா. டிஎஸ்எல்ஆர்ல நிக்கான் 200-500, சிக்மா, டாம்ரான் 150-600, இதெல்லாம் பழசுல நிறைய கெடைக்குது. பழைய 300 எஃப் 4 ப்ரைமும் 1.4 கன்வெர்ட்டரும் சேந்தா 420 எஃப் 5.6, எடை கம்மி, நடந்து போய் எடுக்கறவங்களுக்கு இத விட நல்ல சேர்மானம் எனக்கு தெரியல. மிரர்லெஸ்ல நிக்கான் 180-600, சோனி 200-600, கேனான் ஆர்எஃப் 200-800. கேனான்ல ஆர்எஃப் 800 எஃப் 11 ஒண்ணு இருக்கு, 1.26 கிலோதான், நல்ல வெயில்ல அருமையா இருக்கும், ஆனா அப்பர்ச்சர் (வெளிச்சம் உள்ள வர்ற துளை) எஃப் 11லயே நிலையா இருக்கும், ஃபோகஸ் ஏரியாவும் நடுப்பக்கம் மட்டும்தான், காட்டுக்குள்ள நிழல்ல கஷ்டப்படுவீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்து நீங்க வழக்கமா போற ஏரிக்கே கொண்டு போங்க, கடைக்குள்ள நின்னு எதிர் சுவத்த எடுத்து பாத்தா ஒண்ணும் தெரியாது. பழசு வாங்கினா டார்ச் அடிச்சு உள்ள ஃபங்கஸ் இருக்கான்னு பாருங்க, ஜூம கடைசி வரைக்கும் நீட்டி அப்பர்ச்சர முழுசா திறந்து வச்சு எடுங்க, ஏன்னா பறவைக்கு நீங்க பெரும்பாலும் அந்த எடத்துலதான் வச்சு எடுக்கப் போறீங்க. அந்த பேப்பர் தாள் சோதனைய அங்கயும் பண்ணி, ஃபைல வீட்டுக்கு கொண்டு வந்து பெரிய ஸ்க்ரீன்ல பாத்த பிறகு காச கொடுங்க.